விருந்தும் நஞ்சும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்தான். அவன் கையில் அட்டை கிழிந்த பழைய ஆங்கில நாவல் ஒன்று இருந்தது. "சேர், துப்பறியும் கதைகளை ஏன் ஒருவரும் இலக்கியமாக எடுக்கிறதில்லை?" என்று கேட்டான். இத்தகைய கேள்விக்கு ஆசிரியர்களாகிய எங்களிடம் ஆயத்தமான பதில் ஒன்று எப்போதும் உண்டு. "முடிவு தெரிந்துவிட்டால் பிறகு வாசிக்க ஒன்றும் இல்லாத நூல் இலக்கியமாகாது" என்று சொன்னேன். அவன் சற்றுத் தயங்கினான். பின்பு, "நான் இதை மூன்று தரம் வாசித்துவிட்டேன் சேர். மூன்றாந்தரந்தான் பயமாக இருந்தது" என்றான்.

அந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. நூலை இரவல் வாங்கிக்கொண்டு வீடு சென்றேன். அது அகதா கிறிஸ்டி எழுதிய நாவல். 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் இங்கிலாந்திலும் வெளிவந்தது. 'மூன்றங்கத் துன்பியல்' என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். என் மாணவப் பருவத்தில் ஒருமுறை வாசித்து மறந்துபோன கதை அது. முடிவை அறிந்துகொண்டே மீண்டும் வாசித்தபோது, மாணவன் சொன்னது உண்மை என்பதை உணர்ந்தேன். அவன் பயந்தது ஏன் என்பதை விளக்குவதே இன்றைய உரையின் நோக்கம். அதற்குக் கொலையாளி யார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்நாவலை இனிமேல்தான் வாசிக்க இருக்கும் நேயர்கள் என்னை மன்னிப்பார்களாக.

முதலில் நஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தியால் குத்துபவன் எதிரே வரவேண்டும். துப்பாக்கியால் சுடுபவன் குறி பார்க்கவேண்டும். நஞ்சிடுபவனுக்கோ இவை எதுவும் வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது மற்றவரின் நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கை விருந்தின்போது தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு வீட்டிற்குப் போகிறோம். கையில் ஒரு கிண்ணத்தைத் தருகிறார்கள். அதை மணந்து பார்த்தோ, "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேட்டோ நாம் அருந்துவதில்லை. அப்படிக் கேட்பது அவர்களை அவமதிப்பதாகும். பண்டைய மன்னர்கள் இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். அதனால் உணவை முன்னரே சுவைத்துப் பார்ப்பதற்கென்று ஆட்களை வைத்திருந்தார்கள். சாதாரண விருந்தினனுக்கு அத்தகைய காவல் இல்லை. விருந்தளிப்பவனின் நேர்மை ஒன்றே அவனுக்குக் காவல்.

இந்த இடத்தைத்தான் அகதா கிறிஸ்டி தம் கதைக்களமாகத் தெரிந்தெடுக்கிறார்.

இங்கிலாந்தின் தென்மேற்கே கோர்ன்வால் கடற்கரையில் ஒரு வீடு. அதன் சொந்தக்காரர் சேர் சார்ள்ஸ் கார்ட்ரைட். மேடை நடிப்பில் பெரும்புகழ் பெற்று ஓய்வெடுத்துக்கொண்ட நடிகர் அவர். ஒரு மாலை நேரம் நண்பர்களையும் அயலவர்களையும் விருந்துக்கு அழைக்கிறார். அவரது நெடுநாள் நண்பரான நரம்பியல் வைத்தியர் சேர் பர்த்தலோமியு ஸ்றேஞ்ச் வந்திருக்கிறார். புகழ்பெற்ற துப்பறிவாளர் ஏர்க்யூல் பொய்ரோ வந்திருக்கிறார். மனிதர்களைக் கூர்ந்து அவதானிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட சாட்டர்த்வெயிட் என்ற முதியவரும் இருக்கிறார். அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர் பபிங்டனும் தம் மனைவியோடு வந்திருக்கிறார்.

விருந்துக்கு முன் கொக்டெயில் வழங்கப்படுகிறது. பானத்தைக் கலந்தவர் வீட்டுக்காரர். தட்டில் ஏந்திக் கொண்டுவந்தவள் பணிப்பெண். குருவானவருக்கு இத்தகைய பானங்களிற் பழக்கமில்லை. ஒரு மிடறு அருந்துகிறார். பிடிக்கவில்லை என்பது முகத்திலே தெரிகிறது. ஆயினும் மரியாதைக்காக மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இன்னொரு மிடறு அருந்துகிறார். சிறிது நேரத்தில் தள்ளாடி விழுந்து இறந்துபோகிறார்.

இது கொலையாக இருக்குமோ என்ற ஐயத்தை எழுப்பியவர் யார் தெரியுமா? விருந்தளித்த சேர் சார்ள்ஸே. வைத்திய நண்பர் அதை நம்பவில்லை. பொய்ரோவும் அதை இயற்கை மரணமாகவே கருதினார். கிண்ணம் பரிசோதிக்கப்பட்டது. அதில் நஞ்சு இல்லை. குருவானவரை அடக்கம் செய்துவிட்டார்கள்.

சில காலத்தின் பின் யோர்க்‌ஷயரில் இன்னொரு விருந்து. இம்முறை விருந்தளித்தவர் வைத்தியர் ஸ்றேஞ்ச். முதல் விருந்தில் இருந்தவர்களுட் பலர் இங்கும் இருந்தனர். வைத்தியர் போர்ட் வைன் அருந்தியதும் இறந்துபோனார். அவரது கிண்ணத்திலும் நஞ்சு இல்லை. ஆனால் உடலிலே நிகோட்டின் இருந்தது. குருவானவரின் உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் நிகோட்டின்.

இதன்பின் ஆராய்ச்சி தொடங்குகிறது. அது எந்த வழியிற் போகிறது என்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது. எல்லாரும் குருவானவரின் வாழ்க்கையைக் கிளறுகிறார்கள். அவருக்குப் பகைவர் உண்டா? பழைய இரகசியம் ஏதும் உண்டா? அவர் இறந்தால் யாருக்கு இலாபம்? விதவையான அந்த அம்மையாரிடமே போய்க் கேட்கிறார்கள். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எவருக்கும் தீங்கு நினைக்காத, பணமும் இல்லாத, அமைதியான மனிதர். அப்படியானால் ஏன் கொல்லப்பட்டார்? வாசகரும் இதே கேள்வியோடுதான் பக்கங்களைப் புரட்டுகிறார்.

விடை இதுதான். குருவானவரைக் கொல்லவேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை. தட்டிலிருந்த கிண்ணங்களில் ஒன்றிலே நஞ்சு இருந்தது. அதை எடுத்த கை அவருடையதாக இருந்தது. அவ்வளவே. நஞ்சு கலந்தவர் விருந்தளித்த சேர் சார்ள்ஸ். அவர் கொல்ல விரும்பியது தம் உயிர் நண்பரான வைத்தியரை. அதைச் செய்வதற்கு முன் ஓர் ஒத்திகை பார்க்க விரும்பினார். ஒருவன் மயங்கி விழும்போது மண்டபத்திலுள்ள அத்தனை கண்களும் அவன் பக்கமே திரும்பும். அந்தக் கணத்தில் அவன் வைத்த கிண்ணத்தை எடுத்துவிட்டு, வேறொரு கிண்ணத்தை அங்கே வைத்தால் எவரும் காணமாட்டார். இது நடைமுறையில் சாத்தியமா என்று தெரியவேண்டும். மேடையேற்றத்திற்கு முன் நடிகர்கள் ஒத்திகை பார்ப்பது வழக்கந்தானே. அந்த ஒத்திகையிலே ஒரு மனித உயிர் செலவாயிற்று.

நூலின் தொடக்கப் பக்கத்தில் நாடக அறிவித்தல் போன்ற ஒரு பக்கம் உண்டு. அதில் நெறியாள்கை சேர் சார்ள்ஸ் கார்ட்ரைட் என்றும், ஒளியமைப்பு ஏர்க்யூல் பொய்ரோ என்றும் ஆசிரியர் வெளிப்படையாகவே அச்சிட்டு வைத்திருக்கிறார். முதல் வாசிப்பில் அதை ஒரு வேடிக்கை என்று கடந்துபோய்விடுகிறோம். இரண்டாம் வாசிப்பில் அப்பக்கம் ஒரு வாக்குமூலமாகத் தெரிகிறது. உண்மையை எங்கள் கண்முன்னே வைத்தபின்னும் நாங்கள் அதைக் காணவில்லை. ஏன்? விருந்தளிப்பவனைச் சந்தேகிக்கக் கூடாது என்பது எங்களுக்கு ஊட்டப்பட்ட நாகரிகம். பானத்தைக் கலந்தவன் அவனே என்று சொல்லியிருந்தும் எங்கள் மனம் அவனைத் தாண்டிப் போய் மற்றவர்களைத் தேடுகிறது. எங்கள் மரியாதை நுழைய மறுக்கும் ஓர் அறையிற்றான் ஆசிரியர் கொலையாளியை ஒளித்து வைத்திருக்கிறார்.

விருந்து மண்டபத்தில் நஞ்சுக் கிண்ணம் வைத்த இன்னொருவனையும் ஆங்கில இலக்கியம் அறியும். ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தின் இறுதிக் காட்சியில் வரும் மன்னன் கிளோடியஸ் அவன். ஹம்லெற்றுக்காக அவன் நஞ்சு கலந்து வைத்த கிண்ணத்தை அரசி எடுத்து அருந்திவிடுகிறாள். அவளைத் தடுக்க முயல்கிறான், முடியவில்லை. கிளோடியஸ் கொடியவனே. ஆயினும் அவன் கிண்ணத்திற்கு ஒரு முகவரி இருந்தது. அது தவறிப் போனபோது அவனும் ஒருகணம் பதறினான். சேர் சார்ள்ஸின் கிண்ணத்திற்கு முகவரியே இல்லை. ஆகவே அது தவறிப் போவதற்கும் இடமில்லை. அவர் பதறுவதற்கும் இடமில்லை. வெறுப்பினாற் கொல்பவன் தான் கொல்பவனை ஒரு மனிதனாகவேனும் கருதுகிறான். ஒத்திகைக்காகக் கொல்பவனோ எதிரே நிற்பவனை மேடைச் சாமான்களில் ஒன்றாகவே எண்ணுகிறான்.

இனி, இந்நாவலில் வரும் நஞ்சைச் சற்று ஆராய்வோம். நிகோட்டின் என்பது புகையிலையில் உள்ள இரசாயனப் பொருள். பிரித்தெடுத்தால் எண்ணெய் போன்ற திரவமாக இருக்கும். மிகச் சிறிய அளவே நரம்பு மண்டலத்தை விரைவாகத் தாக்கி உயிரைப் பறிக்கவல்லது. பூச்சிகளைக் கொல்லப் புகையிலைச் சாறு தெளிக்கும் வழக்கத்தை எங்கள் தோட்டக்காரர்களும் அறிவார்கள். கதையிலும் ரோசாச் செடிகளுக்குத் தெளிக்கும் மருந்திலிருந்தே நஞ்சு வடித்தெடுக்கப்படுகிறது. இவை ஆசிரியரின் வெறுங்கற்பனை அல்ல. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அகதா கிறிஸ்டி தம் சொந்த ஊரான ரோர்க்கீயில் வைத்தியசாலையின் மருந்தகத்திற் பணியாற்றியவர். மருந்து கலப்போருக்கான பரீட்சையிலும் 1917இல் சித்தியடைந்தவர். எது மருந்து, எது நஞ்சு என்பதை அளவே தீர்மானிக்கிறது என்ற அறிவை அங்கேயே பெற்றார். 1920இல் வெளிவந்த அவரது முதல் நாவலிலும் கொலைக் கருவி நஞ்சுதான்.

நிகோட்டினால் நிகழ்ந்த உண்மைக் கொலை ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. 1850 நவம்பர் மாதம், பெல்ஜியத்தில் பித்திரமோன் என்ற மாளிகையில் இப்போலித் தெ போக்கார்மே என்ற பிரபு, தம் மனைவியின் சகோதரனான குஸ்தாவ் ஃபூனியை விருந்துக்கு அழைத்தார். அந்த இளைஞன் திருமணம் செய்ய இருந்தான். அது நடந்தால் அவனது சொத்துத் தம் குடும்பத்திற்கு வராது போய்விடும் என்பது பிரபுவின் அச்சம். அன்று அந்த விருந்தினன் வீடு திரும்பவில்லை. தாவர நஞ்சுகள் மனித உடலிற் கலந்துவிட்டால் அவற்றைக் கண்டுபிடிக்கவே இயலாது என்று கருதப்பட்ட காலம் அது. ஜான் ஸ்தாஸ் என்ற பெல்ஜிய இரசாயனவியலாளர், இறந்தவனின் உடலிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவர் வகுத்த முறையே பின்னாளில் நச்சியல் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. போக்கார்மே 1851இல் மரணதண்டனைக்கு உள்ளானார்.

இந்த உண்மைச் சம்பவத்திற்கும் கதைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நிகோட்டின் கடுங் காரமுள்ளது. போக்கார்மேயின் விருந்தினன் அதைத் தானாக அருந்தவில்லை. அவனைக் கீழே தள்ளிப் பிடித்து வாயில் ஊற்றவேண்டியிருந்தது. உண்மையில் நடந்தது பலாத்காரம். நாவலில் நடப்பதோ உபசாரம். குருவானவர் பபிங்டனை எவரும் பிடித்துக்கொள்ளவில்லை. முதல் மிடறு பிடிக்காதபோது கிண்ணத்தைக் கீழே வைக்க அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. அவர் வைக்கவில்லை. விருந்தளித்தவரின் மனம் நோகக்கூடாது என்று இரண்டாம் மிடற்றையும் அருந்தினார். பலாத்காரம் செய்யவேண்டியதை அவரது நற்பண்பே செய்து முடித்தது.

இந்த இடத்தை வாசித்தபோது தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குத் திருக்குறளின் கண்ணோட்டம் என்ற அதிகாரம் நினைவுக்கு வந்தது. அதன் கடைசிக் குறளைப் பல ஆண்டுகளாக வகுப்பிற் படிப்பித்து வருகிறேன். பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணெதிரே பார்த்தாலும், முகம் மாறாமல் அதை ஏற்றுக்கொள்வதே பண்பாட்டின் உச்சம் என்பது அதன் கருத்து. "இப்படியும் ஒருவன் இருப்பானா சேர்?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவன் கேட்பான். அது உயர்வு கருதிச் சொன்னது என்று நானும் விளக்கம் கூறுவேன். குறள் காட்டும் மனிதன் அறிந்து அருந்துகிறான்; அவனிடம் ஒரு தெரிவு இருக்கிறது. அதனாற்றான் அவன் செயல் பெருமை பெறுகிறது. நாவலின் குருவானவர் அறியாது அருந்தினார். அவரிடமிருந்து உயிரோடு சேர்த்து அந்தத் தெரிவும் பறிக்கப்பட்டது. வஞ்சகமாக நஞ்சிடுவதன் முழுக் கொடுமையும் இதில் அடங்கியிருக்கிறது. பிறரது நற்பண்பையே அவருக்கு எதிரான ஆயுதமாக அது மாற்றிவிடுகிறது.

கொலையாளியின் நோக்கம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சேர் சார்ள்ஸ் ஓர் இளம்பெண்ணை மணக்க விரும்பினார். ஆனால் இளமையிலேயே அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. மனைவி மனநோயாளர் விடுதியில் உயிரோடு இருந்தாள். அக்கால இங்கிலாந்துச் சட்டத்தின்படி மனைவியின் மனநோயைக் காரணங்காட்டி மணமுறிவு பெற இயலாது. 1937இல் இயற்றப்பட்ட சட்டமே அதற்கு வழி திறந்தது. இந்த முதல் திருமணத்தை அறிந்தவர் வைத்திய நண்பர். ஆகவே அவர் வாய் மூடப்படவேண்டியிருந்தது. இது இங்கிலாந்துப் பதிப்பிற் காணப்படும் நோக்கம். அமெரிக்கப் பதிப்பில் வேறொரு நோக்கம் கூறப்படுகிறது. அங்கே சேர் சார்ள்ஸின் மனநிலையே பிறழ்ந்து வருகிறது. வைத்தியர் அதை அறிந்து அவரை விடுதியிற் சேர்க்க முற்படுகிறார்.

இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வைத்தியரின் சாவுக்குரிய காரணத்தை ஆசிரியரால் மாற்ற முடிந்தது. குருவானவரின் சாவில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இல்லாத காரணத்தை எப்படி மாற்றுவது? மூன்றாவதாகக் கொல்லப்படும் பெண்ணின் கதையும் இத்தகையதே. அவள் முக்கியமான ஏதோ இரகசியத்தை அறிந்தவள் என்று எல்லாரையும் நம்பவைத்து, நஞ்சூட்டிய இனிப்புப் பண்டம் அனுப்பி அவளைக் கொன்றுவிடுகிறார் சேர் சார்ள்ஸ். உண்மையில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காகவே கொல்லப்படுகிறாள்.

துப்பறியும் நாவல் என்பது காரண காரியத் தொடர்பின் மீது கட்டப்பட்ட கலை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் உண்டு, அறிவால் அதைக் கண்டடையலாம் என்பது அக்கலை வாசகருக்குத் தரும் ஆறுதல். அந்த ஆறுதலை அதன் சட்டங்களுக்குள் நின்றுகொண்டே அகதா கிறிஸ்டி குலைத்துவிடுகிறார். இங்கும் பொய்ரோ விடையைக் கண்டுபிடிக்கிறார். தாமே ஒரு விருந்து வைத்து, சேர் சார்ள்ஸையே நஞ்சுண்டவர் போல் நடிக்கச் செய்து, எல்லாரும் பதறும் வேளையிற் கிண்ணத்தை மாற்றுவது எத்துணை எளிது என்றும் காட்டுகிறார். ஆனால் அவர் கண்டுபிடித்த விடை, குருவானவர் ஏன் இறந்தார் என்பதற்கு ஏதும் காரணம் இல்லை என்பதேயாகும்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் சாட்டர்த்வெயிட்டுக்கு ஓர் எண்ணம் வருகிறது. அந்தக் கிண்ணத்தைத் தாமும் எடுத்திருக்கலாமே என்று நடுங்குகிறார். அதைவிடப் பயங்கரமான ஒன்றும் நேர்ந்திருக்கலாம், அது தம் கைக்கே வந்திருக்கலாம் என்று பொய்ரோ பதிலிறுக்கிறார். முதல் வாசிப்பில் இது பொய்ரோவின் தற்பெருமையைக் கேலி செய்யும் வசனமாகத் தெரிந்து சிரிப்பு வருகிறது. மீண்டும் வாசிக்கும்போது சிரிப்பு வரவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும், வாசிக்கின்ற எங்களுக்கும், அது பொருந்தும் வசனம்.

நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது மாணவனிடம் கேட்டேன், "மூன்றாந்தரம் வாசித்தபோது எந்த இடத்தில் உனக்குப் பயம் வந்தது?" கொலை நடக்கும் இடத்தைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்ன பதில் வேறு. "குருவானவரின் மனைவியிடம் போய், அவருக்குப் பகைவர் ஆராவது இருந்தவையா என்று கேட்கிற இடம், சேர். அந்த அம்மா யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறா. ஒன்றும் இல்லை எண்டு எங்களுக்குத் தெரியும். அவவுக்குத் தெரியாது."

ஒருவர் எதிர்பாராது கொல்லப்பட்டார் என்று கேள்விப்பட்டால் எங்கள் வாயில் வரும் முதற்கேள்வி, "அவர் என்ன செய்தவர்?" என்பதாகவே இருக்கிறது. கேட்பவருக்கு அது ஒரு விசாரணை. ஏதோ ஒரு காரணம் இருந்தால், அந்தக் காரணம் இல்லாத நாங்கள் தப்பிவிடுவோம் என்ற ஆறுதலும் அதற்குள் இருக்கிறது. ஆனால் துயரத்தில் இருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ அந்தக் கேள்வி இன்னொரு நஞ்சு. அவர்கள் இறந்தவரின் வாழ்நாள் முழுவதையும் தோண்டிப் பார்த்துத் தவறு தேடவேண்டியிருக்கிறது. குற்றத்தைத் தேடவேண்டிய இடம் இறந்தவரின் வாழ்க்கை அல்ல, கிண்ணத்தைக் கலந்தவனின் மனம் என்பதை இந்த நாவல் எமக்கு உணர்த்துகிறது.

பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட ஒரு மர்ம நாவல் இதைச் செய்யுமானால், அதை இலக்கியத்தின் வாசலில் எத்தனை காலத்திற்கு நிறுத்தி வைப்பது? என் மாணவனுக்கு முதலிற் கொடுத்த பதிலை நான் மீளப் பெற்றுக்கொண்டேன் என்பதையும் நேயர்களிடம் ஒப்புக்கொண்டு விடைபெறுகிறேன்.